பாலைப்பழம் தின்னும் கரடியார்

கிளிவெட்டிப் பிள்ளைகளே, பாலைப்பழம் தின்று உதடு பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? நம் நாட்டுக் கரடிக்கும் அந்தப் பழமென்றால் உயிர். வில்பத்து, யால காடுகளில் பழம் பழுத்தால் மரத்திலேயே ஏறிவிடும்!

உலகில் கரடி 8 வகை. இலங்கையில் இருப்பது ஒன்றே ஒன்று. அதற்கு மேல்வாயில் முன்பல் இரண்டு இல்லை. ஏன் தெரியுமா? நீண்ட நகத்தால் கறையான் புற்றைக் கிண்டும். மூக்குத் துவாரத்தை மூடிக்கொள்ளும். பிறகு அந்தப் பல் இடைவெளியால் "ஸ்ஸ்ர்ர்ப்" என்று கறையானை உறிஞ்சும்! சத்தம் 100 மீற்றருக்கு அப்பாலும் கேட்கும். குட்டிகளோ அம்மாவின் முதுகு மயிரைப் பிடித்தபடி சவாரி போகும். எவ்வளவு அழகு!

ஆனால் திடீரென்று எதிர்ப்பட்டால் கரடி தாக்கக்கூடும்; அதனால் காட்டுப்பக்கம் பழம் பொறுக்கப் போனால் பெரியவர்களோடு மட்டும் போங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள்.