ஆறோடு நின்றுவிட்டால்

நீர்மூழ்கியின் உயிர் அதன் அழுத்த உடலில்தான் இருக்கிறது. உயர்வலு எஃகுத் தகடுகளை வளைத்து வளையங்களாக்கி, வளையத்தோடு வளையத்தைப் பற்றவைத்து அந்த நீண்ட உருளையை உருவாக்குகிறார்கள். வெல்டிங் தொடங்குமுன் எஃகைப் பதமாகச் சூடாக்க வேண்டும். முடிந்த இணைப்புகளை எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் கொண்டு சோதிக்க வேண்டும். வட்டம் சில மில்லிமீட்டர் கோணிப்போனாலே உடல் தாங்கும் ஆழம் குறைந்துவிடும். இதற்கான கைகள் பல ஆண்டுப் பழக்கத்தில்தான் உருவாகும். வேலை நின்றால் அந்தப் பழக்கமும் போய்விடும்.

மும்பையின் மசகான் டாக் கப்பல் கட்டும் தளம் இந்த இழப்பை ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1981-இல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தப்படி இரண்டு நீர்மூழ்கிகள் அங்கிருந்து வந்தன. ஷல்கியும் ஷங்குலும் மும்பையிலேயே கட்டப்பட்டு 1992, 1994 ஆண்டுகளில் கடற்படையில் சேர்ந்தன. இதற்கிடையே அந்த ஒப்பந்தத்தில் லஞ்சம் என்ற புகார் வெடித்தது. மேற்கொண்டு கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. புகாரை விசாரித்திருக்க வேண்டும், சரி. பணிமனையை ஏன் பட்டினி போட வேண்டும்? ஜெர்மனியில் பயிற்சி பெற்றுவந்தவர்கள் ஓய்வுபெற்றார்கள், வேறு வேலைகளுக்குப் போனார்கள்.

2005 அக்டோபரில் பிரான்ஸோடு ஆறு ஸ்கார்ப்பீன் நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் ஆனபோது, ஏறக்குறைய முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. 2012-இல் வரவேண்டிய முதல் கப்பல் ‘கல்வரி’ 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. ஆறாவதான ‘வாக்‌ஷீர்’ சேர்ந்தது 2025 ஜனவரியில்.

கல்வரிக்குள் 360 பேட்டரி கலங்கள், ஒவ்வொன்றும் 750 கிலோ. அவற்றை மின்னேற்ற டீசல் இன்ஜின் ஓட வேண்டும். இன்ஜினுக்குக் காற்று வேண்டும். காற்றுக்காகக் கப்பல் மேற்பரப்பை நெருங்கி ஒரு குழாயை நீருக்கு மேலே நீட்ட வேண்டும். எதிரியின் கண்ணில் படக்கூடிய நேரம் அதுதான். வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் தரும் ஏ.ஐ.பி. அமைப்பு இருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். ஆறு கப்பல்களும் அது இல்லாமலேதான் சேர்ந்தன. இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கும் அமைப்பைப் பொருத்துவதற்கான பாகத்தைக் கட்ட 2024 டிசம்பரில்தான் ஒப்பந்தம் ஆனது. பொருத்துவதென்றால் உடலை நடுவில் வெட்டி, புதிய துண்டைச் செருகி, மறுபடி பற்றவைப்பது. அதற்கும் அதே வெல்டர்கள் வேண்டும்.

டார்பிடோ கதை இன்னும் வருத்தமானது. இந்தக் கப்பல்களுக்கென்று தேர்ந்தெடுத்த இத்தாலிய ‘பிளாக் ஷார்க்’, அதன் தாய் நிறுவனக் குழுமம் ஹெலிகாப்டர் ஊழல் வழக்கில் சிக்கியதால் கைவிடப்பட்டது. புத்தம்புதுக் கல்வரி பழைய தலைமுறை ஜெர்மானிய டார்பிடோக்களோடு கடலுக்குப் போனது.

நாமே கட்டினோம் என்பதால் நாமே வடிவமைத்துவிட முடியும் என்று எண்ணுவதும் ஆபத்து. ஸ்கார்ப்பீனை உருவாக்கியதில் பிரான்ஸுக்குக் கூட்டாளியாக இருந்தது ஸ்பெயின். சிலிக்கும் மலேசியாவுக்கும் போன கப்பல்களில் பாதி வேலை ஸ்பெயினின் கார்டஹேனாவில் நடந்தது. பிறகு கூட்டு முறிந்து, எஸ்-80 நீர்மூழ்கியை ஸ்பெயின் தனியே வடிவமைத்தது. கட்டுமானம் பாதியில் இருக்கையில், 2013-இல், எடை எழுபத்தைந்து டன்னுக்கும் மேல் கூடிவிட்டது தெரியவந்தது. அமெரிக்க நிறுவனத்தின் உதவியோடு உடலை நீட்டினார்கள். முதல் கப்பல் கடற்படைக்குக் கிடைக்க 2023 ஆயிற்று. பாதிக் கப்பலைக் கட்டிப் பழகிய நாட்டுக்கே இந்த நிலை. வரைபடத்தைப் படிக்கத் தெரிவது வேறு, வரையத் தெரிவது வேறு.

ஆறும் முடிந்துவிட்ட இன்று மசகான் டாக் மீண்டும் அதே இடைவெளியின் வாசலில் நிற்கிறது. கூடுதலாக மூன்று ஸ்கார்ப்பீன்களுக்கு 2023 ஜூலையில் கொள்கை ஒப்புதல் கிடைத்தது. 2024 முழுதும் ஒப்பந்தமில்லாமலே கழிந்தது. ஏ.ஐ.பி.யோடு ஆறு புதிய நீர்மூழ்கிகள் கட்டும் ‘75-ஐ’ திட்டத்துக்கு 2021-இல் விலைப்புள்ளி கேட்டார்கள், ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ். நிறுவனத்தோடு பேச்சு தொடங்கியது 2025-இல். பாகிஸ்தானோ சீனாவோடு 2015-இலேயே எட்டு ‘ஹாங்கோர்’ நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. எட்டிலும் ஏ.ஐ.பி. உண்டு, நான்கு கராச்சியில் கட்டப்படுகின்றன. முதல் கப்பல் 2024-இல் நீரில் இறக்கப்பட்டது.