போர்க்காலத்தில் எதிர்க்கட்சியின் பணி

போர் மூண்டுவிட்டால், "இப்பொழுது யாரும் அரசைக் கேள்வி கேட்கலாகாது" என்று சிலர் கூறுவர். கேட்பவருக்கு நாட்டுப்பற்று இல்லை என்றும் பேசுவர். இது சரிதானா? நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்கு விடை உள்ளது.

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் பெருந்தாக்குதல் தொடங்கின. நம் வீரர்கள் பலர் பனிக்கேற்ற உடையும் போதிய தளவாடங்களும் இன்றிப் போரிட்டனர். அரசின் கணக்குப்படி 1,383 பேர் உயிர் நீத்தனர். நாடெங்கும் தாய்மார்கள் தம் நகைகளைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்கு வழங்கினர்.

அப்போது எதிர்க்கட்சிகள் இரு பணிகளைச் செய்தன.

முதலாவது, துணை நிற்றல். தமிழகத்தில் காமராசர் ஆட்சியை எதிர்த்து வந்த திராவிட முன்னேற்றக் கழகம், தன் போராட்டங்களை நிறுத்தி வைத்துப் போர் நிதி திரட்டியது. அறிஞர் அண்ணா அரசுக்கு ஆதரவாகப் பேசினார். திராவிட நாடு கோரிக்கையையும் அக்கட்சி 1963-இல் கைவிட்டது.

இரண்டாவது, கேள்வி கேட்டல். நாடாளுமன்றத்தை முன்னதாகவே கூட்டும்படி ஜனசங்கத்தைச் சேர்ந்த வாஜ்பாய் பிரதமர் நேருவை வற்புறுத்தினார். நேருவும் இசைந்தார். போர் நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் 8 முதல் 14 வரை விவாதம் நடைபெற்றது. ஆயத்தமின்மைக்குப் பொறுப்பு யார் என்ற வினாவை எதிர்க்கட்சியினர் மட்டுமன்றி ஆளுங்கட்சியினரும் எழுப்பினர். அந்த வினாவின் அழுத்தத்தால், விவாதம் தொடங்கும் முன்பே கிருஷ்ண மேனன் அமைச்சரவையிலிருந்து விலக நேர்ந்தது.

நவம்பர் 21-இல் சீனா போரை நிறுத்தியது. 1963 ஆகஸ்டில் ஆச்சாரிய கிருபளானி, மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆதரவு 62, எதிர்ப்பு 347. தீர்மானம் தோற்றது. ஆயினும் அது வீணன்று. பெரும்பான்மை பெற்ற அரசும் மக்கள் மன்றத்தில் நின்று விடை கூறியாக வேண்டும் என்பதை அது நிலைநாட்டியது.

அண்ணாவும் இவ்வாறே நடந்தார். போரில் அரசை ஆதரித்த அவரே, 1963 சனவரியில் மாநிலங்களவையில் பிரிவினைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து உரையாற்றினார். போருக்குத் துணை நிற்பது வேறு. அரசு செய்வதற்கெல்லாம் தலையசைப்பது வேறு.

நம் திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். பூட்டு வாங்குபவர், செய்தவரின் சொல்லை மட்டும் நம்பி வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. பூட்டி, இழுத்துப் பார்த்த பிறகே வாங்குவார். பூட்டின் மீது பகையால் அவர் இழுப்பதில்லை. வீடு காக்கப்பட வேண்டும் என்ற அக்கறையால் இழுக்கிறார். எதிர்க்கட்சியின் கேள்வியும் அத்தகையதே.

கேள்வி காலத்தில் எழுந்தால் வீரரின் கையில் நல்ல துப்பாக்கியும், உடலில் கம்பளி உடையும் இருக்கும். தோழியரே, நாளை வாக்களிக்கப் போகும் நாம், போர்க்காலத்தில் கேட்கப்படும் நேர்மையான கேள்வியும் நாட்டுத் தொண்டே என்பதை மனத்திற் கொள்வோமாக.