லீஸில் இன்னும் எத்தனை வருடம்?

லண்டனில் தொடர்மாடி வீடு வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு வீட்டின் விலை, வட்டி வீதம், மோட்கேஜில் கட்டி முடித்த தொகை எல்லாம் மனப்பாடம். லீஸில் இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் வராது. வடமேற்கு லண்டனில் ஒரு சொலிசிட்டரிடம் வீட்டு உறுதி வேலைகள் பார்க்கிறேன். யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடர்மாடி வீடுகள் அநேகமாக லீஸில்தான் விற்கப்படுகின்றன. நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டர் எனப்படும் நில உரிமையாளருடையவை. லட்சக்கணக்கில் கொடுத்து நாங்கள் வாங்குவது, அந்த வீட்டை 99 வருடமோ 125 வருடமோ வைத்திருக்கும் உரிமையை மட்டும். தவணை முடிய இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறதே என்று தோன்றும். ஆனால் வீட்டின் பெறுமதி அதற்கு வெகு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். எண்பதுக்குக் கீழே போன லீஸ் என்றால் வாங்க வருபவர் விலையைக் குறைத்துக் கேட்பார். இன்னும் கீழே போனால் கடன் கொடுக்க மறுக்கும் வங்கிகள் உண்டு.

2025 கடைசியில் ஓர் ஐயா வீட்டை விற்கும் யோசனையோடு வந்தார். முன்பு கவுன்சிலுக்குச் சொந்தமாக இருந்த தொடர்மாடியில் இரண்டாம் மாடி வீடு.

"125 வருஷ லீஸ், பிள்ளை. நான் 2003இல வாங்கினனான். எப்பிடிப் பார்த்தாலும் நூறுக்கு மேல இருக்கும்."

உறுதியின் முதல் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். 1981 செப்டெம்பர் 28 முதல் 125 வருடம் என்று தட்டச்சில் இருந்தது. "ஐயா, நீங்கள் வாங்கின நாளில இருந்து எண்ணுறதில்லை. இந்தத் திகதியில இருந்துதான் கணக்கு. 2106இல முடியுது. வாற செப்டெம்பரோட எண்பதுக்குக் கீழ போயிடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியைத் திரும்பவும் வாசித்தார்.

1980ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில் வாடகைக்காரர்களுக்குத் தங்கள் வீட்டையே வாங்கும் உரிமையைக் கொடுத்தது. தொடர்மாடிகளுக்கு வழக்கமாக 125 வருட லீஸ். பல கட்டடங்களில் முதலில் விற்ற வீட்டுக்குப் போட்ட முடிவுத் திகதியையே பிறகு விற்ற வீடுகளுக்கும் போட்டார்கள். அப்படி 1981இல் தொடங்கிய லீஸ்கள் எல்லாம் 2026இல் எண்பதைத் தொடுகின்றன. அவற்றைக் கைமாற்றி வாங்கியவர்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். இரண்டு வேலை பார்த்து, சீட்டுக் கட்டி வாங்கிய வீடுகள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பது ஏன் முக்கியம்? 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடர்மாடி வீட்டுக்காரர் மிச்ச வருடங்களோடு மேலும் 90 வருடம் கேட்டு வாங்கலாம். நில உரிமையாளருக்கு வருடாவருடம் கட்டும் தரை வாடகையும் அதோடு இல்லாமல் போகும். நில உரிமையாளர் மறுக்க முடியாது என்றே சொல்லலாம். விலையைப் பற்றித்தான் பேச்சு. அந்த விலையில், அவர் இழக்கும் தரை வாடகையும், வீடு அவர் கைக்குத் திரும்புவது தள்ளிப்போவதற்கான ஈடும் சேரும். லீஸ் 80 வருடத்துக்கு மேல் இருந்தால் அவ்வளவுதான். 80 அல்லது அதற்குக் கீழே என்றால், நீட்டிப்பதால் வீட்டுக்குக் கூடுகிற மதிப்பிலும் பாதியைக் கொடுக்க வேண்டும். இதை 'மேரேஜ் வேல்யூ' என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீண்ட லீஸ் இருந்தால் 3,00,000 பவுண்ட் பெறும் வீடு. தரை வாடகை வருடத்துக்கு 100 பவுண்ட். 81 வருடம் மிச்சம் இருக்கும்போது, வழக்கமான 5 சதவீதக் கழிவில் பார்த்தால், ஏறத்தாழ 7,650 பவுண்ட் வரும். அதே வீட்டில் 79 வருடம்தான் மிச்சம், இப்போதைய நிலையில் அது 2,76,000க்குத்தான் போகும் என்று வைத்துக்கொண்டால், தொகை 16,100ஐத் தொடும். இரண்டே வருடத்தில் இரட்டிப்புக்கும் மேல்.

இதில் நல்ல விஷயம், லீஸை நீட்டிக்கக் கேட்டு நில உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்த திகதியில் என்ன மிச்சமோ அதை வைத்துத்தான் விலை. பேச்சு ஒரு வருடம் இழுத்தாலும் பாதகமில்லை. வீடு வாங்கி இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியும் 2025 ஜனவரி 31இல் எடுபட்டுவிட்டது. ஐயாவின் நோட்டீஸ் 2026 ஜனவரியிலேயே போய்விட்டது. அதில் போடும் தொகையை மட்டும் ஒரு சர்வேயரைக் கொண்டு கணித்தே போட வேண்டும். விளையாட்டாக மிகக் குறைத்துப் போட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம்.

சில நில உரிமையாளர்கள் தாங்களே முந்திக்கொண்டு கடிதம் போடுவார்கள். சட்டம், சொலிசிட்டர் என்று அலைய வேண்டாம், நேரே பேசி முடிக்கலாம் என்று அன்பாக இருக்கும். போன வருடம் ஒரு தங்கச்சி கொண்டுவந்த கடிதத்தில் தொகை குறைவாகத்தான் தெரிந்தது. இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம்: லீஸை 99 வருடத்துக்கு மட்டும் ஏற்றுவார்கள், பழைய தவணை முடியும்வரை தரை வாடகை தொடரும். பதினெட்டு, பத்தொன்பது வருடத்தில் அவள் திரும்பவும் எண்பதின் வாசலில் நிற்பாள். கையெழுத்து வைக்காதே என்றேன்.

'மேரேஜ் வேல்யூ'வை ஒழித்து, 90ஐ 990 வருடமாக்கும் சட்டம் 2024 மே மாதம் நிறைவேறியது. நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கையும் 2025 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் நான் இதை எழுதும்போது அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரவில்லை. பொறுத்திருக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 85, 90 வருடம் மிச்சம் இருப்பவர் தாராளமாகப் பொறுக்கலாம். ஏற்கெனவே எண்பதுக்குக் கீழே போய்விட்ட, விற்கும் அவசரம் இல்லாதவரும் பொறுத்துப் பார்க்கலாம். 81இல் நிற்பவர் பொறுக்கக் கூடாது. வருமென்று நம்பிய பிரிவு பிந்தினால் இழப்பு அவருக்குத்தான்.

செலவையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இப்போதைய விதிப்படி உங்கள் சொலிசிட்டர், சர்வேயர் செலவோடு நில உரிமையாளரின் நியாயமான செலவும் உங்கள் தலையில்தான். நோட்டீஸ் போனதும் நீங்கள் சொன்ன தொகையில் பத்து சதவீதத்தை முற்பணமாக அவர் கேட்கலாம். உறுதி கையில் இல்லாவிட்டால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 7 பவுண்ட் கட்டி உங்கள் வீட்டின் பதிவைப் பார்க்கலாம். லீஸ் தொடங்கிய திகதி அதில் இருக்கும். அரசு நிதியில் நடக்கும் 'லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ்' இலவசமாக ஆலோசனை சொல்கிறது.

நோட்டீஸ் கொடுத்தவர்கள் நாட்காட்டியில் குறிக்க வேண்டிய இரண்டு திகதிகள் உண்டு. ஒன்று, நில உரிமையாளர் பதில் தர வேண்டிய கடைசி நாள்; அவருக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். மற்றது, பதில் வந்து ஆறு மாதம் முடியும் நாள். விலை ஒத்துவராவிட்டால் அதற்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். தவறவிட்டால் நோட்டீஸ் ரத்தாகிவிடும். அடுத்த நோட்டீஸுக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் லீஸ் எண்பதைத் தாண்டி இறங்கியிருக்கும்.