பயிரை அழித்தால் பணம்!

விளைந்து நிற்கும் பயிரை உழுது மண்ணோடு மண்ணாக்க வேண்டும். அப்படிச் செய்தால் அரசாங்கம் பணம் கொடுக்கும்!

இது கட்டுக் கதை அல்ல. 1933-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது.

அப்போது அங்கே பருத்தி மலிந்து கிடந்தது. 1929-ல் ஒரு பவுண்டு பருத்தி 16 சென்ட் விற்றது. 1932-ல் அது 6 சென்ட் ஆயிற்று. (100 சென்ட் சேர்ந்தது ஒரு டாலர்.) விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டம் கொண்டு வந்தார். விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும். குறைப்பவர்களுக்கு மானியம் உண்டு என்பது திட்டம். மானியப் பணத்துக்காக ஆலைகள் மீது வரி போட்டார்கள்.

ஆனால், சட்டம் வந்தது மே மாதத்தில். அதற்குள் பருத்தி முளைத்துவிட்டது. "உழுது அழியுங்கள்" என்றது அரசாங்கம்.

முதல் செக் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போயிற்று. நியூசெஸ் கவுண்டியைச் சேர்ந்த ஒரு விவசாயி 47 ஏக்கர் பருத்தியை அழித்தார். அவருக்கு 517 டாலர் செக்கை ரூஸ்வெல்ட்டே கொடுத்தார். (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது.)

அடம் பிடித்த கழுதைகள்

அந்தக் காலத்தில் அங்கே ஏர் இழுத்தவை கோவேறு கழுதைகள். செடியை மிதிக்காமல், வரிசைக்கு நடுவே நடக்கும்படி அவற்றைப் பழக்கி இருந்தார்கள். இப்போது செடியின் மேலேயே நடக்கச் சொன்னால்? பல கழுதைகள் நகர மறுத்தன! மனிதனைவிடக் கழுதைக்குப் புத்தி அதிகம் என்று ஊரில் கேலி பேசினார்கள். நாட்டில் எத்தனையோ பேர் கந்தல் உடுத்தியிருந்த நேரம் அது.

அந்த ஆண்டு சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி உழப்பட்டது. விவசாயிகளுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. விலையும் ஏறியது.

செக் யார் கையில்?

ஆனால் ஏர் பிடித்தவன் கைக்கு என்ன வந்தது?

அங்கே பல இடங்களில் நிலம், விதை, கழுதை எல்லாம் முதலாளிக்குச் சொந்தம். வெள்ளையரும் கறுப்பருமாக லட்சக்கணக்கானவர்கள் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விளைந்ததில் பாதிதான் அவர்களுக்கு.

1934-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் மானியம் பவுண்டுக்கு நாலரை சென்ட். அதில் முதலாளிக்கு 4 சென்ட். குடியானவனுக்கு அரை சென்ட்! செக் முதலாளி பெயரில் வந்ததால், அந்த அரை சென்ட்டையும் கடனில் கழித்துக்கொண்டவர்கள் உண்டு.

அதோடு போகவில்லை. பயிர் குறைந்ததால் ஆளும் தேவைப்படவில்லை. குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். குடியிருந்த குடிசையும் முதலாளியுடையதுதானே!

ஆர்கன்சா மாநிலத்தில் பாய்ன்செட் கவுண்டி இருக்கிறது. அங்கே டைரோன்சா என்ற சிற்றூர் அருகே, 1934 ஜூலையில் 18 பேர் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். 11 பேர் வெள்ளையர். 7 பேர் கறுப்பர். இரு இனத்தாரும் ஒரே பெஞ்சில் உட்காரத் தயங்கிய நாட்கள் அவை. தனித்தனிச் சங்கமா, ஒரே சங்கமா என்று பேச்சு எழுந்தது. ஒரே சங்கம் என்று முடிவு செய்தார்கள்.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? கூட்டங்களைக் கலைத்தார்கள். சங்கத்துக்காக வாதாடிய வக்கீலின் வீட்டின் மீது இரவில் துப்பாக்கியால் சுட்டார்கள்.

தலைநகர் வாஷிங்டனிலும் இதே சண்டை. பழைய குடிகளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று, திட்டத்தை நடத்திய அலுவலகத்தின் வக்கீல்கள் விளக்கம் எழுதினார்கள். நல்ல விளக்கம்தான். 1935 பிப்ரவரியில் அவர்களுக்கே வேலை போயிற்று!

1936 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. குடிசை இழந்தவர்களுக்காக அல்ல. விவசாயத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்பதற்காக. மானியமோ வேறு சட்டங்களின் பேரில் தொடர்ந்தது. இன்றும் அமெரிக்க விவசாயிகள் மானியம் வாங்குகிறார்கள்.

சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர் டைரோன்சாவில் சலவைக் கடை வைத்திருந்தார். இன்னொருவர் அதற்குப் பக்கத்திலேயே பெட்ரோல் பங்க் நடத்தினார். 2006-ம் ஆண்டு முதல் அந்தக் கட்டடம் குடியானவர்களின் பொருட்காட்சி சாலையாக இருக்கிறது.