என்பை வளர்க்கும் புரதமும் அதன் இருப்பிடமும்

முறிந்த என்பு தானே பொருந்தும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், காலி வீதி விபத்தொன்றிற் கணைக்கால் என்பு நொறுங்கி, நடுவே ஒரு துண்டு இழக்கப்படின், அவ்விடைவெளியை உடல் தானாக நிரப்பிக்கொள்வது அரிது. நோயாளியின் இடுப்பென்பிற் சிறிது வெட்டியெடுத்து அங்கே வைப்பதே சத்திரவைத்தியர் நெடுங்காலமாகக் கையாளும் முறை. ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு புண் செய்யும் முறை அது. எடுக்கக்கூடிய என்பும் கொஞ்சமே.

1965ஆம் ஆண்டில் மார்ஷல் யூரிஸ்ற் என்னும் அமெரிக்க வைத்தியர், அமிலத்தாற் சுண்ணம் நீக்கிய என்பை விலங்குகளின் தசையினுள் வைத்தார். என்பு இருத்தற்குரியதல்லாத அவ்விடத்திற் புதிய என்பு தோன்றிற்று. கலங்களை என்பாக மாறும்படி ஏவும் பொருளொன்று அதிலிருத்தல் வேண்டுமெனத் தெளிவாயிற்று.

அப்பொருளைத் தேடியோருள், இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற குபேர் சம்பத், ஹரி ரெட்டி ஆகிய இருவரும் 1981இல் வெளியிட்ட பரிசோதனை தனிச் சிறப்புடையது. சுண்ணம் நீக்கிய என்புத் தூளைச் செறிந்த யூரியா முதலிய கரைசல்களில் இட்டு, கரைந்த பகுதியையும் கரையாத எச்சத்தையும் அவர்கள் பிரித்தனர். எலியின் உடலில் எச்சத்தைத் தனியே வைத்தபோது என்பு உண்டாகவில்லை. கரைந்த பகுதியைத் தனியே வைத்தபோதும் உண்டாகவில்லை. இரண்டையும் மீண்டும் சேர்த்து வைத்தபோதோ என்பு வளர்ந்தது! எச்சமோ பெரும்பாலும் கொலாஜன் என்னும் நார்ப்பொருளே. ஏவும் புரதத்துக்குத் தங்குமிடம் இன்றியமையாதது என்பதை இதனினும் எளிதாகக் காட்டுதல் இயலாது.

பின்னர் அப்புரதங்களுள் ஒன்று செயற்கையாக ஆக்கப்பட்டது. மாட்டுக் கொலாஜனாலான பஞ்சில் அதனைத் தோய்த்து, இடுப்புப் பகுதி முள்ளந்தண்டை இணைக்கும் சத்திரசிகிச்சையில் வைக்க அமெரிக்க அரசு 2002இல் அனுமதி வழங்கிற்று. ஆனாற் பஞ்சின் பிடி தளர்வானது. என்பு வளரப் பல வாரங்கள் செல்லும். புரதத்திற் பெரும்பகுதியோ தொடக்க நாட்களிலேயே வெளியேறிவிடும். ஆகவே, இயல்பான என்பில் மிகமிக நுண்ணிய அளவில் உள்ள பொருள், மில்லிலீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் பேரளவில் இடப்பட்டது. அனுமதியில்லாத கழுத்துச் சிகிச்சைகளிலும் சிலர் இதனைப் பயன்படுத்தினர்; அங்கே தோன்றிய வீக்கம் சிலரது மூச்சுவழியை நெருக்கிற்று. 2008இல் அரசின் எச்சரிக்கை வந்தது. வேகமறியாது ஊற்றியதன் பலன் அது.

இன்றைய ஆய்வு அவ்வேகத்தை அடக்குவதிலேயே முனைந்துள்ளது. ஒரு வழி, நாரில் ஹெப்பரினைப் பிணைத்தல். எதிர்மின்னேற்றமுள்ள ஹெப்பரின், நேர்மின்னேற்றமுள்ள புரதத்தை எளிதில் விடாது. மற்றொரு வழி, உடலில் மெல்லமெல்லச் சிதையும் பல்பகுதியச் சிறுமணிகளுள் புரதத்தை அடைத்தல். குருதிக்கலன்களை வளர்க்கும் காரணி முன்னரும், என்பை வளர்க்கும் காரணி பின்னரும் வெளிவருமாறு அமைத்த கலவைகளும் விலங்குகளிற் சோதிக்கப்பட்டுள்ளன.