விளையாட்டுக் கட்டையும் மின் மோட்டாரும்

டென்மார்க்கு நாட்டிலுள்ள பில்லுண்டு என்னும் ஊரில், ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ஆம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தலைப்பட்டார். அவர் நிறுவிய லெகோ தொழிலகம், ஒன்றையொன்று இறுகப் பற்றும் பிளாஸ்டிக் கட்டைகளுக்கு 1958-இல் காப்புரிமை கோரியது. பற்சக்கரங்களும் அச்சுகளும் துளையிட்ட கட்டைகளும் கொண்ட தொகுதிகள் 1977-இல் வெளிவந்தன. அவற்றோடு சிறு மின் மோட்டாரையும் இணைத்துத் தாமே புதிய பொறிகளை வகுப்பது இன்று பல நாட்டினர்க்கும் பொழுதுபோக்கு. பெட்டியிலுள்ள படத்தைப் பார்த்துக் கட்டுவது எளிது, இதுவோ எளிதன்று.

மோட்டார் விரைந்து சுழலும். ஆயின் அதன் வலிமை சிறிது. அதன் அச்சிலேயே சக்கரத்தைப் பொருத்தினால், வண்டி சமதரையில் பாய்ந்தோடும். மேட்டைக் கண்டதும் நின்றுவிடும். மோட்டாரின் அச்சில் 8 பற்களுடைய சக்கரமும், வண்டியின் அச்சில் 40 பற்களுடைய சக்கரமும் அமைந்தால், முன்னது ஐந்து முறை சுற்றப் பின்னது ஒரு முறையே சுற்றும். வேகம் ஐந்தில் ஒன்றாகும். திருப்புவிசையோ, உராய்வில் இழப்பது போக, ஏறக்குறைய ஐந்து மடங்காகும். வண்டி மெல்ல மேடேறும்.

இவ்வாறு பெற்ற வலிமையே பகையாவதும் உண்டு. பற்கள் ஒன்றையொன்று உந்தித் தள்ள, அடுக்கிய கட்டைகள் பிளந்து, சக்கரங்கள் கடகடவென வழுக்கும். பசையிட்டு ஒட்டினால், பிரித்து மீண்டும் கட்டும் இன்பம் போய்விடும். ஆகவே, துளையுடைய சட்டம் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி முளைகளால் பிணைப்பர். அதற்குத் துளைகள் நேர்பட வேண்டுமே! கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர்; சட்டத்தின் துளைகளோ 8 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அமைந்தவை. ஆதலால் துளையிட்ட இரு கட்டைகளுக்கு நடுவே 3.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடுகள் இரண்டை வைப்பர். அப்போது மேல்துளைக்கும் கீழ்த்துளைக்கும் இடையே சரியாக 16 மில்லிமீட்டர் அமையும். முளைகள் தடையின்றி உட்புகும்.