உங்களுக்குத் தெரியுமா? பலகோண வீரர்களின் பொற்காலம்

◆ ஜப்பானின் செகா நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ‘விர்ச்சுவா ஃபைட்டர்’, முப்பரிமாணப் பலகோணங்களால் ஆன சண்டை விளையாட்டுகளின் முன்னோடி. உருவாக்கிய குழுவின் தலைவர் யூ சுசுகி.

◆ முகம், தசை, உடை எல்லாமே ஒற்றை நிறம் பூசிய தட்டைப் பரப்புகள்தான். ஆனாலும் அசைவுகளின் இயல்பு ஆட்டக்காரர்களைக் கட்டிப்போட்டது.

◆ குத்து, உதை, தடுப்பு என மூன்றே பொத்தான்கள். மேடையைத் தாண்டி விழுந்தாலும் தோல்விதான்!

◆ நாயகன் அகிராவின் சண்டைமுறை, சீனாவின் பாஜிச்சுவான் தற்காப்புக் கலை.

◆ 1994-இல் வந்த இரண்டாம் பாகத்தில், தட்டைப் பரப்புகளின் மேல் துணி, தோல் போன்ற தோற்றம் போர்த்தப்பட்டது. அதே ஆண்டு நாம்கோ நிறுவனத்தின் ‘டெக்கன்’ விளையாட்டு போட்டிக்கு வந்தது.

◆ கோணல்மாணலான அந்த உருவங்கள்தாம் இன்றைய தத்ரூப வீரர்களுக்கு மூதாதையர். வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை ஆடிப் பாருங்கள்!